விழுங்கிய இரண்டு எழுத்து

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நெட்சாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் இரண்டு மணி. பயிற்சிச் சமையலறையில் வெள்ளிக்கிழமை வகுப்புக்காகத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் மூலையில் டொப் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு டொப். அப்புறம் மூன்றாவது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டது. அதே மூன்று. இந்த முறை திரும்பினாள். யாரும் இல்லை.

அந்த மூலையில் இருப்பது ஒரு மண் மேடை. கிராமத்துச் சமையல் குடிசையில் பானை அடுக்கி வைப்பார்களே, அதே மாதிரி. பல வருஷத்துக்கு முன் துறைத் தலைவராக இருந்த யாரோ கட்டிவிட்டுப் போனது. பக்கவாதம் வந்த கிராமத்து ஆளைக் கூட்டிவந்து மின்சார அடுப்பில் தேநீர் போடச் சொன்னால் அவன் என்ன செய்வான் பாவம்? வீட்டில் இருப்பது இங்கேயும் இருக்கட்டும் என்று சிமென்ட் தரையில் மண்ணைக் குழைத்து மேடை போட்டு, மூன்று பானையையும் வைத்துவிட்டார். இங்கே படிக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. பானை மேடை என்றால் சும்மா பாத்திரம் வைக்கிற இடமா என்ன? வீட்டுப் பெரியவர் அதன் முன்னால் மண்டியிட்டுக் கை தட்டித்தான் செத்துப்போனவர்களிடம் பேசுவார். பல்கலைக்கழகத்துப் பானை மேடையில் யாரும் யாரிடமும் பேசியதில்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று ஒதுங்கித்தான் போவார்கள்.

நெட்சாய் பக்கத்துப் பட்டறையில் எட்டிப் பார்த்தாள். ஃபானுவேல், கைக்குக் கட்டும் தாங்கிகள் செய்கிற ஆள், சுடுதண்ணீர்த் தொட்டியில் பிளாஸ்டிக் தகட்டைப் போட்டுவிட்டு வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"ஏதாச்சும் தட்டினீங்களா?"

"நான் எதைத் தட்டப் போறேன், மாய் ருவா? வயித்தைத்தான் தட்டணும்."

ருவா அவள் மகள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் ருவாவின் அம்மாதான், மாய் ருவா.

"சமையலறையில சத்தம் கேக்குது. மூணு தடவை. கை தட்டுற மாதிரி."

"குழாயா இருக்கும். தண்ணி இல்லாத குழாய் காத்தை முழுங்கி ஏப்பம் விடுது. இந்த யுனிவர்சிட்டி தண்ணி குடுக்காது, சத்தம் மட்டும் ஒழுங்கா குடுக்கும்."

"குழாய் ஜன்னல் பக்கம் இருக்கு. சத்தம் மேடைப் பக்கம் வருது."

ஃபானுவேல் கடலையை வாயில் போடப் போனவர் கையை இறக்கினார். "அப்படின்னா என்னைக் கூப்பிடாதீங்க. நான் சர்ச் ஆளு."

சிரித்துவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அது ஆண்பிள்ளை தட்டுகிற தட்டு என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. பெண்கள் உள்ளங்கையைக் குழித்துக் குறுக்காகத் தட்டுவார்கள், சத்தம் பானைக்குள்ளிருந்து வருவது போல வரும். ஆண்கள் விரலோடு விரல் சேர்த்துத் தட்டையாகத் தட்டுவார்கள். இது தட்டைதான். ஆனால் ஏதோ சரியில்லை. ஒரு கை மட்டும் வந்து, மறு கை வராமல் போனது மாதிரி.

*

ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்ன வேலை என்று நெட்சாயின் அம்மாவுக்கு இன்னமும் சரியாகத் தெரியாது. "எம் பொண்ணு பெரிய ஆளுங்களுக்குச் சட்டைப் பித்தான் போடச் சொல்லித்தரா. அதுக்கும் பரீட்சை வெக்கிறாங்களாம்" என்று சர்ச்சில் சொல்லுவாள். சுத்தமாகத் தப்பும் இல்லை. உடம்பில் பாதி போனவர்களுக்கு மறுபடி உண்ண, உடுக்க, குளிக்க, பிழைக்க வழி காட்டுவதுதான் வேலை. நெட்சாய் மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் அதைச் செய்தாள். அப்புறம் ஆறு வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரே ஒரு நோயாளி. துறைக் கையேட்டில் அவர் பெயர் 'திரு. ம.' மட்டும்தான். முரேவா என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஐம்பத்தெட்டு வயது. பக்கவாதத்தில் வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறல். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று மூன்று முறை நெட்சாய் அவர் வீட்டுக்கே போனாள். நடுவில் வீட்டாருக்குப் பயிற்சி எழுதிக்கொடுத்தாள். கரண்டிக்குத் தடித்த பிடி, வழுக்காத தட்டு, இடது கையால் சாட்ஸா என்கிற சோளக்களியை உருட்ட ஒரு வழி. ஆறே வாரம். மனுஷன் யார் உதவியும் இல்லாமல் தானே சாப்பிட்டார். அதை எழுதினாள். ஒரு பத்திரிகை அதைப் போட்டது. அதை வைத்து மேற்படிப்பு, அதை வைத்து வேலை. இப்போது துறைக் கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம். வருஷா வருஷம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் படித்துத்தான் வெளியே போகிறார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை அவளுடைய பதவி உயர்வுக்கு வகுப்பு பார்க்க மூன்று பேர் வருகிறார்கள். தேறினால் முதுநிலை விரிவுரையாளர். தேறாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் இதே நாற்காலி, இதே உடைந்த சக்கரம்.

"எதுவும் புதுசா யோசிக்காதே," என்று துறைத் தலைவர் டாக்டர் மரோவா சொல்லியிருந்தார். "திரு. ம. நடத்து. போன வருஷம் நீ நடத்தினப்போ ரெண்டு பொண்ணுங்க அழுதாங்க. குழுவுல ஒருத்தர் அழுதாப் போதும், நமக்கு ஜெயம்."

*

புதன்கிழமை ஒத்திகை மாதிரி சின்ன வகுப்பு வைத்தாள். எட்டுப் பேர். அதில் மைடேயி என்று ஒரு பெண். அதிகம் பேசாதவள். எப்போதும் கதவுப் பக்கத்து நாற்காலி. அந்தப் பெயருக்கு 'என்னதான் வேணும்னீங்க?' என்று அர்த்தம். பிள்ளை பிறந்த நேரத்தில் அப்பா யாரோடோ சண்டையில் இருந்திருப்பார், இப்படிப் பெயர் வைத்து வாயை அடைத்திருப்பார். வருகைப் பதிவு எடுக்கும்போதெல்லாம் பையன்கள் கிண்டல் செய்வார்கள். "மைடேயி!" என்றால் ஒருத்தன் பின்னாலிருந்து "ரெண்டு சமோசா!" என்பான்.

அன்றைக்கு அவளே கை தூக்கினாள்.

"மேடம், இங்க 'நோயாளியின் இலக்கு: தன் கையால் உண்ணுதல்'னு போட்டிருக்கு. இது அவர் சொன்ன வார்த்தையா?"

"அவர் பேச்சு குழறல்னு மேல போட்டிருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன் மேடம். அதான் கேக்குறேன். குழறலா இருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார்ல? என்ன சொன்னார்?"

"நன்றி சொன்னார்," என்றாள் நெட்சாய். எல்லாரும் சிரித்தார்கள். மைடேயி சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள். அவள் பேனா காகிதத்தில் நகர்ந்த நேரத்தில் மூலையில் டொப் என்றது.

நெட்சாய் எட்டு முகத்தையும் பார்த்தாள். ஏழு பேர் கையேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைடேயி மட்டும் பானை மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் நேராகத் தன் அறைக்குப் போய் அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்தாள். பழைய நோட்டுகள், பழைய சீட்டுகள், ருவா கிறுக்கிய காகிதங்கள். எல்லாவற்றுக்கும் கீழே அந்தக் கோப்பு இருந்தது. பச்சை அட்டை. உள்ளே அவள் கையெழுத்துதான். அப்போது இருபத்தாறு வயது, எழுத்து ஒவ்வொன்றும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

முதல் வருகை. 'உங்களால் எதைச் செய்ய முடிந்தால் நல்லது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். நோயாளி நன்றி தெரிவித்தார்.'

இரண்டாம் வருகை. 'இலக்கு பற்றி மீண்டும் கேட்டேன். நோயாளி மிகுந்த மரியாதையுடன் நன்றி தெரிவித்தார்.'

மூன்றாம் வருகை. 'நோயாளி உணர்ச்சிவசப்பட்டு நன்றி தெரிவித்தார்.'

மூன்று முறை.

கேள்வி கேட்டால் பதில்தானே சொல்லுவார்கள்? நன்றியை ஏன் சொல்லுவார்கள்?

நெட்சாய்க்கு அவர் வாய் ஞாபகம் வந்தது. இடது பக்கம் மட்டும் அசையும் வாய். வலது ஓரத்தில் எச்சில். அதிலிருந்து ஒரு சொல் வரும். 'ந்தினோம்பேரா.' கை தட்டுகிறேன். எங்கள் பேச்சில் அப்படிச் சொன்னால் கை கூப்பி நன்றி சொன்ன மாதிரி. அவர் அதைச் சொன்னதும் அவள் என்ன செய்தாள்? "பரவாயில்ல பாபா, சிரமப்படாதீங்க" என்றாள். பாவம், கை தூக்க முடியாத மனுஷன் வாயால் தட்டுகிறாரே என்று அவருக்குப் பதிலாகத் தானே குழித்துத் தட்டினாள். அவர் கண் ஏன் அப்படிக் கலங்கியது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியும். நன்றி. வேறென்ன?

இப்போது அந்தச் சொல்லை மெதுவாகத் தானே சொல்லிப் பார்த்தாள். ந்தினோ... ம்பேரா. நடுவில் ஒரு சின்ன இடம். ஒரு விழுங்கல். 'ந்தினோடா குவோம்பேரா' என்று யாராவது குழறினால்? கை தட்டணும். எனக்குக் கை தட்டணும். நடுவில் ஒரு டா, ஒரு கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் புரியாமல் "என்ன, என்ன?" என்று நான்கு முறை கேட்டிருப்பாள். நெட்சாய் இந்த ஊர்க்காரி. புரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

*

வியாழக்கிழமை காலையில் மைடேயியைப் பட்டறைக்கு வரச் சொன்னாள். ஃபானுவேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தகடு வாங்கப் போறேன்" என்று கையில் தகட்டோடேயே வெளியே போனார்.

"உன் குடும்பப் பேர் மசிவாதானே?"

"ஆமா மேடம்."

"முரேவா பக்கம் ஈனோக் மசிவான்னு..."

"எங்க பாபா. பெத்த அப்பா."

தொட்டியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

"அப்போ உனக்கு..."

"பதினொண்ணு. சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவ உங்களுக்குத் தண்ணி ஊத்தினது நான்தான். நீங்க என் பேரைக் கேட்டுட்டுச் சிரிச்சீங்க. 'உன் பேருதான்டி என் வேலையே, நானும் எல்லார்கிட்டயும் இதைத்தான் கேக்கறேன்'னீங்க. நல்லா இருந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணேன், நானும் இதுதான் படிக்கணும்னு."

நெட்சாய் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள்.

"மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"கையேடு இந்த டேர்ம்தானே குடுத்தீங்க. தொறந்தா பக்கம் நாப்பத்தொண்ணுல எங்க பாபா சாப்பிட்டுட்டு இருக்கார்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நல்லாத்தான் சாப்பிட்டார் மேடம். பொய் இல்ல. கடைசி வரைக்கும் நல்லாச் சாப்பிட்டார். எடது கையால. தனியா."

"தனியாவா?"

"ஆம்பளைங்க உக்கார்ற எடத்துக்குப் போக மாட்டேன்னுட்டார். எல்லாரும் வந்து கை தட்டிக் கும்பிடுவாங்க, பதிலுக்குத் தட்டணும்ல? மரம் மாதிரி உக்காந்திருக்க முடியுமா? தானியக் குதிருக்குப் பின்னாடி உக்காந்து சாப்பிட்டார்."

"அவர் என்கிட்ட என்ன சொன்னார், மைடேயி?"

"உங்களுக்கே தெரிஞ்சுருச்சுன்னு நெனச்சேன். அதான் கூப்பிட்டீங்கன்னு."

"நீ சொல்லு."

"கை தட்டணும்னார். எஸ்னாத் அக்காவைப் பொண்ணு கேட்டு வர்றதா இருந்துச்சு. வீட்டுப் பெரியவர் பானை மேடை முன்னாடி உக்காந்து கை தட்டி, 'உங்க பொண்ணு போறா'ன்னு முன்னோருக்குச் சொல்லணும். அதுக்குத்தான். வேற ஒண்ணும் கேக்கல. அவர் பேச்சு எனக்கு மட்டும்தான் முழுசாப் புரியும். மொதல் தடவை நீங்க போனதும் பாபா ஒரே சிரிப்பு. 'நான் கை தட்டணும்னேன், அந்தப் பொண்ணு நன்றின்னு எடுத்துக்கிட்டு அவளே தட்டிட்டுப் போறா பாரு'ன்னு. ரெண்டாவது தடவையும் சிரிச்சார். மூணாவது தடவை சிரிக்கல."

"ஏன்டி, யாராவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!"

"நான் சொல்ல வந்தேன். அம்மா என் வாயைப் பொத்திட்டாங்க. படிச்ச பொண்ணு, அவ்வளவு தூரம் கோம்பி வேன்ல கூட்டத்துல இடிபட்டு வருது, நீ தப்பா கேட்டுட்டேன்னு சொன்னா மரியாதையா இருக்குமாங்குறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம்? சித்தப்பா அவருக்குப் பதிலாத் தட்டினார். அக்கா போயிட்டா. பாபா அதுக்கப்புறம் தெனமும் மத்தியானம் சமையல் குடிசைக்குள்ள போய் மேடைகிட்ட உக்காருவார். எடது கையை மட்டும் தூக்கி மண்ணுல அடிப்பார். மூணு தடவை. டொப், டொப், டொப். சரியா வரலன்னு மறுநாள் மறுபடி. அந்தக் குளிர்காலத்துலயே போயிட்டார்."

நெட்சாய்க்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியை வைத்த மாதிரி இருந்தது. ஃபானுவேலைத் தவிர யாரிடமும் அவள் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசியதில்லை.

"நேத்து நீ மேடைப் பக்கம் பாத்தே."

"நீங்களும்தான் பாத்தீங்க," என்றாள் மைடேயி.

*

டாக்டர் மரோவா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"நெட்சாய், உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? நாளைக்குக் குழு வருது."

"நாப்பத்தொண்ணாம் பக்கம் தப்பு சார். இலக்கு அவரோடது இல்ல. நான் எழுதினது."

"சாப்பிட்டாரா இல்லையா?"

"சாப்பிட்டார்."

"அப்போ எங்க தப்பு? சாப்பிட முடியாதவனைச் சாப்பிட வெச்சே. உலகத்துல எந்த ஊர்ல கேட்டாலும் அது வெற்றி. கை தட்டறதுக்கு ஃபாரத்துல கட்டமே கெடையாது!"

"ஆமா. கட்டம் இல்லாததாலதான் எனக்குக் காது கேக்கல."

மரோவா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். கெட்டவர் இல்லை. அவளை வேலைக்கு எடுத்ததே அவர்தான். "இதைக் கேளு. உன் விண்ணப்பமே அந்தக் கட்டுரை மேலதான் நிக்குது. நோயாளி போனா கட்டுரை போகும், கட்டுரை போனா உன் பதவி உயர்வு போகும். நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு நடத்திடு. அப்புறம் சாவகாசமா அடுத்த பதிப்புல மாத்திக்கலாம்."

அடுத்த வாரம் சொல்லிக்கலாம், இல்லையா? ஈனோக் மசிவாவும் அப்படித்தான் காத்திருந்தார்.

*

வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை. படம் காட்ட முடியாது. குழுவில் மூன்று பேர்: டீன், மரோவா, புலவாயோவிலிருந்து வந்திருந்த திருமதி தபேதே என்ற குண்டு அம்மாள். அவள் பையில் சோளப்பொரி வைத்துக்கொண்டு சத்தம் வராமல் தின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு பிள்ளைகள் பயிற்சிச் சமையலறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஃபானுவேல், சுவரில் சாய்ந்தபடி.

நெட்சாய் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். வயது, வியாதி, வீடு, மனைவி, பிள்ளைகள். ஆறு வருஷமாகச் சொன்னது, வாய் தானாக ஓடியது. மரோவா லேசாகத் தலையாட்டினார். இப்படியே போய்விடலாம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் நிஜமாகவே தோன்றியது. இன்னும் அரை மணி நேரம். யார் கேட்கப் போகிறார்கள்? மைடேயி கூடக் கேட்க மாட்டாள். கதவுப் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பக்கம் நாப்பத்தொண்ணு," என்றாள் நெட்சாய். "நோயாளியின் இலக்கு: தன் கையால்..."

டொப்.

வாக்கியம் அறுந்தது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், சத்தத்துக்கு இல்லை, அவள் நிறுத்தியதற்கு.

டொப்.

மைடேயி தலை தூக்கினாள்.

மூன்றாவதற்காக நெட்சாய் காத்திருந்தாள். வரவில்லை. அவர் காத்திருப்பது போல இருந்தது, இந்தத் தடவையாவது இவள் கேட்கிறாளா என்று.

"இந்த வரியை அடிச்சிருங்க," என்றாள்.

யாரும் அசையவில்லை.

"பேனா எடுங்கப்பா. அடிங்க. இது அவர் சொன்னது இல்ல. இது நான் சொன்னது. அவர் மூணு தடவை சொன்னார், மூணு தடவையும் நான் அதை நன்றின்னு எழுதினேன்."

சொல்லிவிட்டாள். டாவும் குவும் உட்பட எல்லாவற்றையும். மரோவா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். டீன் எதையோ எழுதினார். அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல் தெரியும் என்பதால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் 'ஐயோ' என்று மெல்லச் சொன்னது மட்டும் கேட்டது. அவன்தான் சமோசாக்காரன்.

திருமதி தபேதே பொரிப் பையை மடித்து வைத்தாள். "சரி. அவர் உங்க முன்னாடி இப்ப உக்காந்திருக்கார்னு வெச்சுக்குவோம். தட்டணும்ங்கறார். என்ன பண்ணுவீங்க?"

நெட்சாய் பிள்ளைகளைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

சமோசாப் பையன் எழுந்து வந்து தரையில் மண்டியிட்டான். வலது கையைச் செத்த மாதிரித் தொங்கவிட்டான். இடது கையால் அதைத் தூக்கித் தொடைமேல் வைத்து, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினான். இடது கையை அதன்மேல் இறக்கினான். டப். விரல்கள் கோணலாக விழுந்தன. சரிப்படுத்தி மறுபடி இறக்கினான். டப். ஃபானுவேல் வாசலிலிருந்து, "மணிக்கட்டுக்குக் கீழ ஒரு சின்னத் தகடு வெச்சா கை சரியாத் தட்டையா நிக்கும். பத்து நிமிஷ வேலை" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

பத்து நிமிஷம். அவள் ஆறு வாரம் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அப்போது மைடேயி எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேராகப் பானை மேடைக்குப் போய் மண்டியிட்டாள். பெண்பிள்ளை உட்காருவது போல இல்லை, அவள் அப்பா உட்காருவது போல. வலது கையைத் தொடைமேல் போட்டாள், இடது கையை அதன்மேல் தட்டையாக இறக்கினாள்.

டப். டப். டப்.

"ஷும்பா," என்றாள். சிங்கம், அவர்கள் குலப் பெயர். "பாபா, எஸ்னாத் அக்காவைக் கட்டிக் குடுத்தாச்சு. ஒம்பது வருஷம் ஆச்சு. மூணு பிள்ளைங்க. நீங்க சொல்லலன்னு யாரும் கோவிச்சுக்கல. இப்ப சொல்லியாச்சு."

ஒருத்தர் கை தட்டினால் பதிலுக்குத் தட்டாமல் எங்களால் இருக்க முடியாது. யோசிக்கிறதுக்கு முன்னாடியே கை போய்விடும். திருமதி தபேதேதான் முதலில் தட்டினாள், அப்புறம் பையன்கள், பெண்கள், டீன். கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடியே மரோவாவும். தட்டையும் குழிவுமாக அறை முழுக்கச் சத்தம். அதற்கு நடுவே மண்ணில் கை படுகிற சத்தம் ஒன்று இருக்கிறதா என்று நெட்சாய் காதைத் தீட்டிக் கேட்டாள். தெரியவில்லை. அவ்வளவு சத்தத்தில் எப்படித் தெரியும்?

*

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது, அடிப்படையான வெளியீடு குறித்துத் தெளிவு கிடைத்தபின் பரிசீலிக்கப்படும். மரோவா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை, அப்புறம் பேசினார். புதிதாக அச்சடித்த கையேட்டில் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வந்தது. பிள்ளைகள் அச்சுப் பிழை என்று நினைத்தார்கள்.

"சத்தம் நின்னுருச்சா, மாய் ருவா?" என்று ஃபானுவேல் ஒரு நாள் கேட்டார்.

"தண்ணி வந்துருச்சா?"

"எங்க வந்துச்சு."

"அப்போ எப்படி நிக்கும்?" என்றாள்.

திங்கள்கிழமைகளில் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு தடவை அங்கே ஒரு கோம்பி டிரைவர், நடுவயது, விபத்தில் மணிக்கட்டு நொறுங்கியது, தாடையிலும் அடி. கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பாதி வாய்தான் திறக்கும். நெட்சாய் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் ஆறு பிள்ளைகள், கையில் ஃபாரம். மைடேயி அவள் தோளுக்குப் பின்னால்.

"பாபா, என்ன செய்ய முடிஞ்சா நல்லா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

அவர் யோசித்தார். கண்ணைத் தாழ்த்திக் கட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்.

"ந்தினோம்பேரா."

பிள்ளைகளில் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல பாபா" என்று தட்டக் கையைத் தூக்கினாள். நெட்சாய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"மறுபடி சொல்லுங்க பாபா. மெதுவா."

"நன்றின்னேன், மேடம்."

"நன்றி மட்டும்தானா?"

"பின்ன என்ன?"

"நடுவுல ஏதாச்சும் விழுங்கிட்டீங்களா?"

டிரைவர் குழம்பிப்போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார். இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற பார்வை. யாரும் சிரிக்கவில்லை. நெட்சாய் ஃபாரத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் தொடாமல், அவர் வாயையே பார்த்தபடி காத்திருந்தாள்.